நிலாவெளியா, கொழும்பா, மடிக்கணினியா: திருகோணமலை டொக்டர்மாருக்கு எது சரி?

மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு வெளியூர் டொக்டர்மார் வந்து போவார்கள். காலையில் விரிவுரை, பின்னேரம் புறாத்தீவுக்குப் படகு. கொழும்பில் வேலை செய்பவருக்கு இது அருமையான ஏற்பாடு. இங்கேயே வாட்டு பார்க்கும் எங்களுக்கு? தொடர் மருத்துவக் கல்விக்கு எங்களுக்கு உள்ள வழிகள் மூன்றுதான். இந்தக் கடற்கரைச் செயலமர்வு ஒன்று, வீட்டிலிருந்தே ஒன்லைன் பாடநெறி இன்னொன்று, இரவு மெயில் ரயிலில் ஏறிக் கொழும்புக்குப் போவது மற்றது. நான் கொழும்புக் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்லைன் மலிவு, ஹோட்டல் விலை கூட, கொழும்பு இரண்டுக்கும் நடுவில்.

தீர்மானிப்பது கவர்தான். நான் இல்லாதபோது வாட்டை யார் பார்ப்பது, என் போனுக்கு வரும் கோலை யார் எடுப்பது என்ற கேள்வி.

ஒன்லைனுக்கு லீவு தேவையில்லை என்பார்கள். எனக்கு அதுதான் அதன் குறை. லீவு இல்லையென்றால் கவரும் இல்லை. சனலிங், அதாவது தனியார் நோயாளர் பார்ப்பதை, முடித்து வந்து, சாப்பிட்டு, ஈ.சி.ஜி. பாடத்தைத் திறந்தால் பத்தாவது நிமிடத்தில் வாட்டிலிருந்து கோல் வரும். வீடியோவை நிறுத்திவிட்டுப் பொட்டாசியம் அளவைக் கேட்டு, மருந்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஈ.சி.ஜி.யின் எந்த லீட்டை, எந்த வரைகோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே மறந்திருக்கும். அப்புறம் அடுத்தது, அடுத்தது என்று அமுக்கி முடிப்பதுதான். சான்றிதழ் மட்டும் ஒழுங்காக வந்துவிடும்.

நிலாவெளியிலும் கதை அதேதான். டவுணிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீற்றர். “டொக்டர், பக்கத்திலதானே நிக்கிறீங்கள், ஒருக்கா வந்து பார்த்திட்டுப் போங்கோ” என்று கேட்டால் எந்த முகத்தோடு மறுப்பது? சுவாசக்குழாய் பொருத்தும் பயிற்சியில் பொம்மை என் கைக்கு வரும் முன்பே எழுந்து போக நேர்ந்திருக்கிறது. கச்சான் காற்று அனலாக வீசும் நாளில் அந்த வீதியில் திரும்பி ஓடுவதில் என்ன ஆரோக்கியம்?

கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அந்தத் தூரம்தான் எனக்குப் பிடித்தது. ஒருக்கா வந்துவிட்டுப் போ என்று யாராலும் கூப்பிட முடியாது. கோல் அடித்தாலும் கவர் செய்பவருக்குத்தான் அடிக்கும்.

கொழும்பு என்றதும் எல்லா மாநாட்டுக்கும் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்விக் கூட்டங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021 கொக்ரேன் மீளாய்வு, அவற்றால் வைத்திய நடைமுறையில் வரும் முன்னேற்றம் சிறியது, சுமார் 7 சதவீதப் புள்ளி என்கிறது. அதனால் பெரிய மண்டப விரிவுரையை விட்டு, கையால் செய்து பழகும் சிறிய வகுப்பைத்தான் தேடுவேன். 1887இல் தொடங்கிய இலங்கை மருத்துவச் சங்கம் விஜேராம மாவத்தையில் இருக்கிறது, பட்டப்பின் மருத்துவ நிறுவகமும் கொழும்பில்தான். பெரும்பாலான பயிற்சிகள் அந்த வட்டாரத்துக்குள்ளேயே நடக்கும். நெஞ்சறையில் நீர் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் வைத்துப் பார்க்கும் புரோப் ஒரு சென்ரிமீற்றர் விலகினால் திரையில் விலா எலும்பின் நிழல் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவர் மணிக்கட்டைப் பிடித்துச் சற்றுத் திருப்பிவிட்டால் விஷயம் பிடிபட்டுவிடும். வீடியோவுக்கு ஏது கை?

கவர் பிடிப்பதில் எங்கள் ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மூன்று இனத்தவரும் ஒரே ரொஸ்டரில், ஒரே பணிமுறைப் பட்டியலில் இருக்கிறோம். வெசாக்குக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நான் நிற்பேன். தைப்பொங்கலுக்கோ கொழும்புப் பயிற்சிக்கோ அவர்கள் நிற்பார்கள். ஏப்ரல் புத்தாண்டில்தான் சிக்கல், அப்போது பாதிப் பேருக்கு ஒரே நாளில் லீவு வேண்டும். கடனை உரிய நேரத்தில் திருப்பிக் கொடுப்பவருக்குக் கவர் கிடைக்காமல் போனதை நான் பார்த்ததில்லை.

பயணக் களைப்பு? இரவு மெயிலில் படுக்கை கிடைத்தால் வீட்டைவிட நன்றாகத் தூங்கலாம். காரில் மட்டும் போகாதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழைத்தால் ஓட வேண்டிய ஒன்-கோல் பணியை முடித்த கையோடு கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை கடக்கும் இருட்டில் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

சென்னை, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுப் பயிற்சிகளுக்குப் போய்வந்தவர்கள் புகழ்கிறார்கள். எனக்கு அதில் அனுபவம் குறைவு, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எண்ணெய்க் குளியலோடு வரும் ஆரோக்கியப் பொதிகளைப் பற்றியும் அப்படியே. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பக்கத்திலேயே இருக்கின்றன, அதற்குப் பயிற்சிக் கட்டணம் எதற்கு?

கைக்குழந்தை உள்ளவருக்கும், சின்ன ஆஸ்பத்திரியில் தனியாளாய் நிற்பவருக்கும் இந்தக் கணக்கு சரிவராது. அவர்களுக்கு ஒன்லைன்தான். ஆனால் பாடம் தொடங்குவதற்கு முன், ஒரு மணி நேரத்துக்காவது போனை வாங்கிக்கொள்ள ஒருவரைப் பேசி வையுங்கள்.