கொலோனோஸ்கோப்பிக்கு முந்தைய இரவும் வாடகைக் கமோடு நாற்காலியும்

நடக்கச் சிரமப்படுபவருக்குக் கொலோனோஸ்கோப்பியைவிட (கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) அதற்கு முந்தைய இரவே கடினம்; குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்தான பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை 2 லிட்டர் நீரில் கரைத்துக் குடிக்கத் தொடங்கியபின், கழிப்பறைக்கு எத்தனை முறை, எவ்வளவு அவசரமாகப் போக நேரிடும் என்று சொல்ல முடியாது. பக்கவாதத்தால் இடப்பக்கம் தளர்ந்த என் தாயாருக்காக, மருத்துவ உபகரணக் கடையொன்றில் சக்கரமும், இருக்கைக்கு அடியில் கழிவு வாளியும் உள்ள கமோடு நாற்காலியை வாடகைக்கு எடுத்தோம். கட்டிலின் உயரத்துக்கு ஏற்ப இருக்கையை உயர்த்த முடிவதும், கைப்பிடி பக்கவாட்டில் மடங்குவதும் இதன் பெரிய நன்மைகள். நாற்காலியை அவருடைய வலுவுள்ள வலப்பக்கமாக நிறுத்திவிட்டால், முழுமையாக எழுந்து நிற்காமலே, சிறிது தாங்கிப் பிடித்தால் நகர்ந்து அமர்ந்துவிடலாம்.

சக்கரப் பூட்டுதான் ஏமாற்றம் அளித்தது. மொசைக் தரையில் நாற்காலி சற்று வழுக்கியதால், சுவரை ஒட்டி நிறுத்திய பிறகே நம்பிக்கை வந்தது. வாளியும் சிறியது, அடியில் கொஞ்சம் நீர் ஊற்றி வைத்தால் கழுவுவது எளிது. அடிக்கடி பேதியாவதால் தோல் எரியும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒற்றித் துடைத்து வாசலின் தடவினோம். மருந்தில் பாதியை மாலையிலும் மீதியை அதிகாலையிலும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். குடல் நன்றாகச் சுத்தமாக இம்முறையே ஏற்றது, ஆனால் உடனிருப்பவருக்கு உறக்கம் கிடையாது. வாடகைக்கு எடுப்போர் நாற்காலி எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டறிந்து, பூட்டுகளைக் கடையிலேயே அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும்.