மஞ்சக்குப்பத்தில் பென்டிரைவ் வாங்கி 1,100 ரூபாய் போச்சு

இப்போதுதான் கடையிலிருந்து வருகிறேன், கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு சின்ன மொபைல் கடை, பேர் வேண்டாம். போன சனிக்கிழமை அங்கே 128 ஜிபி பென்டிரைவ் ஒன்று 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். பில் கேட்டதற்கு, "கடை இங்கதான சார் இருக்கு, எங்க போயிடப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே தன் லேப்டாப்பில் செருகி, ஒரு பாட்டை காப்பி பண்ணி, ஓடவிட்டும் காட்டினார். அந்தப் பாட்டு முடிவதற்குள் நான் பில்லை மறந்துவிட்டேன்.

வீட்டு லேப்டாப்பில் ஓடுவது உபுண்டு, லினக்ஸ் வகை இயங்குதளம். அன்றைக்கே அப்பாவின் நிலப் பத்திரம், பட்டா, ஆதார் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஏற்றினேன், ஏறியது. திங்கட்கிழமை இன்னொரு ஃபைல் போடப்போனால் 'ரீட் ஒன்லி', படிக்க மட்டும்தான் முடியும் என்கிறது. அழிக்க விடவில்லை, ஃபார்மேட்டும் ஆகவில்லை.

கடைக்கு மூன்று நடை. முதல் தடவை, "லினக்ஸா? அதான் சார் பிரச்சினை." அடுத்த தடவை, "அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு" என்று ஒரு பையன், ஒரு மணி நேரம் நின்றேன், அண்ணன் வரவேயில்லை. இன்றைக்கு, "வெச்சிட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்பிப் பாக்கறேன்." எதை வைத்துவிட்டு வருவது? அழிக்கவே முடியாத டிரைவில் அப்பாவின் பத்திரமும் ஆதாரும் அப்படியே கிடக்கிறதே!

லினக்ஸ் மேல் பழி போட்டதால் சொல்கிறேன். கட்டளை அடிக்கிற டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே (lsblk, டிஸ்க்குகளைப் பட்டியல் போடும் கட்டளை) அடித்தால் ஆர்ஓ, அதாவது ரீட் ஒன்லி, என்று ஒரு நெடுவரிசை வரும். 0 என்றால் எழுதலாம், 1 என்றால் முடியாது. என் லேப்டாப் டிஸ்க்குக்கு 0, இதற்கு 1. அங்கே 0 இருந்தும் எழுத முடியவில்லை என்றால் மவுண்டிலோ (டிரைவை சிஸ்டத்தோடு இணைக்கும் விதம்) ஃபைல் சிஸ்டத்திலோ (ஃபைல்களை அடுக்கி வைக்கும் அமைப்பு) கோளாறு என்று பார்க்கலாம். இது அப்படி இல்லை, செருகியதும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவிலேயே 'ரைட் புரொடெக்ட் இஸ் ஆன்', எழுதத் தடை என்று விழுகிறது, அதாவது டிரைவே சொல்கிறது. எச்டிபார்ம் (hdparm) என்கிற கட்டளை வைத்து அந்த 1-ஐ 0 ஆக்கினேன், கழற்றி மாட்டினால் மறுபடி 1. பக்கத்தில் பூட்டுகிற சுவிட்சும் கிடையாது. உள்ளே மெமரி கெட்டால் சில டிரைவ் தானாகவே எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். புதுசு என்று தந்தது யாரோ தேய்த்த பழசோ என்னவோ.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கிய அன்றே எஃப்3 (F3) என்கிற சோதனை மென்பொருள் போட்டு முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள், ஒரு பாட்டு ஓடுவதெல்லாம் சோதனையே இல்லை. முக்கியமான பேப்பரை அதற்கு அப்புறம் ஏற்றுங்கள்.

1,100 ரூபாய் போனது போனதுதான். பக்கத்து வீட்டில் சுத்தியல் கேட்டிருக்கிறேன், இதை அழிக்க வேறு வழி இல்லை.