முயலுக்குக் கருத்தடை ஆபரேஷனா? எங்கள் பஞ்சுவுக்கு நடந்ததைப் படியுங்கள்

பஞ்சுவுக்கு ஒன்றரை வயதானபோதே கருத்தடை ஆபரேஷன் பற்றி எங்கள் பகுதி கிளினிக்கில் கேட்டேன். "தனியாத்தானே வளர்க்கிறீங்க, குட்டியா போடப்போகுது? பிரச்சனை வந்தா பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். நம்பினேன்.

4 வயதில் ஒருநாள் வெள்ளைத் துண்டில் சிறுநீரோடு ரத்தக் கட்டி. கேரட் தின்றால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். முயலின் சிறுநீர் சில நாள் சிவப்பாக வரும், உண்மைதான். ஆனால் அது முழுக்க ஒரே நிறமாக இருக்கும், கட்டி கட்டியாக வராது. மூன்று வாரம் கழித்து அதே டாக்டர் "கருப்பைய எடுத்துடலாம்" என்றார். ரத்தப் பரிசோதனை இல்லை, எக்ஸ்ரே இல்லை. முந்தின இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது. அதனால் நாய், பூனை மாதிரி அதைப் பட்டினி போட வேண்டியதில்லை. போட்டால் குடல் இயக்கமே நின்றுபோகலாம். எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். வலிக்கு மருந்து கிடையாது, கையில் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் ஒன்று. பஞ்சு மூலையில் முதுகைக் குவித்துக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தபடியே இருந்தது. கொத்தமல்லியை நீட்டினால் முகத்தைத் திருப்பியது. விடிந்து பார்த்தால் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. போன் செய்தேன். "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்கள்.

12 மணி நேரம் முயல் சாப்பிடவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முயல்களை வழக்கமாகப் பார்க்கும் வேறொரு டாக்டரிடம் ஓடினேன். அவர் முதலில் சிரப்பை நிறுத்தினார். அமாக்ஸிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகள் செத்து, உயிருக்கே ஆபத்தாகுமாம். நல்லவேளை, ஒரு வேளைதான் கொடுத்திருந்தேன். அப்புறம் வலி மருந்தும், சிரிஞ்சில் கூழும். மூன்றாம் நாள் விடியற்காலையில் மிளகு அளவில் நான்கு புழுக்கை. அழுதுவிட்டேன்.

பெண் முயலுக்குக் கருத்தடை ஆபரேஷனை, அதாவது கருப்பையை எடுப்பதை, 4 முதல் 6 மாதத்திலேயே செய்யலாம். வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடும், தனியாக வளர்த்தாலும் சரி. வளர்ந்த முயல் என்றால் பரிசோதனைகள் செய்துவிட்டு, நலமாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "முந்தின இரவு சாப்பாடு கொடுக்கலாமா?" கூடாது என்றால் அங்கே செய்யாதீர்கள்.

எடுத்த கருப்பையை அவர்கள் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, தூக்கிப் போட்டுவிட்டார்கள். புற்றுநோயா இல்லையா என்று இனித் தெரிய வழியில்லை. நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கிறோம்.