ஆப்பிள் மரத்துக்கான இனக்கவர்ச்சிப் பொறி: ஒரு பருவம் பயன்படுத்திய பின்

புழுப்பருவத்தில் ஆப்பிள் காயைக் குடையும் காட்லிங் அந்துப்பூச்சிக்கென விற்கப்படும் இந்த முக்கோணப் பொறியில், கூடாரம்போல் மடித்துக் கட்டும் தகடு, உள்ளே செருகும் பசை அட்டை, மணம் ஏற்றிய ரப்பர் குப்பி ஆகிய மூன்றே பொருள்கள் உள்ளன. பெண் பூச்சி வெளியிடும் கவர்மணத்தின் முதன்மைப் பொருள் 1971இல் கண்டறியப்பட்டது. அதன் செயற்கை வடிவமே குப்பியில் இருப்பதால், இதில் சிக்குபவை ஆண் பூச்சிகள் மட்டுமே. தப்பும் சில ஆண்களே பல பெண்களோடு இணையப் போதுமானவை. ஆகவே, பொறியைத் தொங்கவிட்டாலே காய்கள் தப்பிவிடும் என்று நம்பி வாங்குவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

மருந்து தெளிக்க வேண்டிய காலத்தைக் கணித்துத் தருவதில்தான் இதன் அருமை இருக்கிறது. இலையிலோ காயின் மீதோ தனித்தனியாக இடப்படும் தட்டையான சிறு முட்டையிலிருந்து வெளிவரும் புழு, விரைவிலேயே காயைத் துளைத்து உட்புகுந்து, சதையைக் குடைந்து சென்று விதைகளைத் தின்கிறது. துளை வாயில் ஈரமான பழுப்பு எச்சம் பிதுங்கி நிற்பதை நாம் காணும் நேரத்தில், மேலே தெளிக்கும் எந்த மருந்தும் அதை எட்டுவது அரிது. பூச்சிகள் தொடர்ந்து சிக்கத் தொடங்கும் நாளிலிருந்து, ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையும் 10 டிகிரி செல்சியசை எவ்வளவு தாண்டுகிறதோ அதைக் கூட்டி வந்தால், கூட்டுத்தொகை ஏறத்தாழ 140ஐத் தொடும்போது முட்டைகள் பொரியத் தொடங்கும். இந்தக் கணக்குக்குத் தேவையான தொடக்க நாளை இப்பொறி தெளிவாகவே காட்டிக்கொடுத்தது.

அட்டையில் ஒட்டிய பூச்சி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே இருக்கும். சாம்பல் நிறச் சிறகில் நெளிகோடுகளும், நுனியில் செம்புபோல் மின்னும் திட்டும் தெரிந்தால் அது காட்லிங்தான். செதில் உதிர்ந்துவிட்டால் வேறு பூச்சிகளிலிருந்து பிரித்தறிவது கடினம் என்பதால், அட்டையை அடிக்கடி பார்ப்பது அவசியம்.

குறைகளும் உண்டு. தூசியும் செதிலும் படிந்து பசை வலுவிழக்கிறது. குப்பியின் மணமோ சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது. அப்படியிருந்தும் மாற்று அட்டையோ, இரண்டாம் தலைமுறைக்கான குப்பியோ பொட்டலத்தில் இல்லை. மரத்தின் மேற்பகுதியில் கட்ட வேண்டும் என்ற அடிப்படைக் குறிப்பைக்கூடத் துண்டறிக்கையில் காணோம்.

முதிர்ந்த புழு காயை விட்டு வெளியேறி, உரியும் பட்டைக்கு அடியில் பட்டுக்கூடு பின்னி, குளிர்காலம் முழுவதையும் புழுவாகவே கழித்து, வசந்தத்தில்தான் கூட்டுப்புழுவாகிறது. அதை இப்பொறி தொடவே தொடாது. எனவே இதை வாங்குவோர், அடிமரத்தில் சுற்ற நெளி அட்டையும் வாங்கிக்கொள்ளட்டும். கூடு பின்னப் புழுக்கள் அதற்குள் ஒதுங்கியபின் கழற்றி எரித்துவிடலாம்.