மடக்கு குவாட்ரட் சட்டம்: வாங்கியதும் முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள்

மூன்று மாதமாக இந்த அரை மீட்டர் மடக்கு குவாட்ரட்டை (தரையில் வைத்து உள்ளே இருக்கும் செடிகளை எண்ணும் சதுரச் சட்டம்) தூக்கிக்கொண்டு அலைகிறேன். மிதிபடும் புல்தரை, மரநிழல், குளத்தோரம் என்று மூன்று வாழிடங்களில் எத்தனை வகைச் செடி இருக்கிறது, எது எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வாங்கினேன். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அந்த ஒன்றரை எங்கே போனது என்று சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு பிவிசி குழாய், நான்கு மூலையிலும் கீல், மடக்கினால் ஒரு கட்டுக் குச்சி மாதிரி பைக்குள் போய்விடும். ஒரு மூலையை மட்டும் கழற்ற முடிகிறது, இது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் உயரமான செடி நிற்கும் இடத்தில் முழுச் சதுரத்தை மேலிருந்து இறக்கினால் செடி மடங்கி உள்ளே கிடப்பது வெளியேயும் வெளியே கிடப்பது உள்ளேயும் வந்துவிடும். ஒரு பக்கத்தைத் திறந்து அடித்தண்டோடு செருகினால் அந்தத் தொல்லை இல்லை. குழாயில் சிறு துளைகளும் போட்டிருக்கிறார்கள். எதற்கென்று முதலில் புரியவில்லை, குளத்தோரத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. உள்ளே காற்று அடைபட்ட குழாய் மிதக்கும், தண்ணீர் புகுந்தால் அடியில் உட்கார்ந்துவிடும்.

சரி, குறைக்கு வருவோம். அட்டையில் 50 செ.மீ. என்று போட்டிருக்கிறது. டேப் வைத்தேன். வெளிப்பக்கம் 50, உள்பக்கம் 48! நாம் செடியை எண்ணுவது உள்ளே. 2500 சதுர செ.மீ. என்று நினைத்து 2304ஐத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம், கிட்டத்தட்ட 8 சதவீதம் காணோம். உள்ளே 12 செடி இருந்தால் சதுர மீட்டருக்கு 48 என்று எழுதுவோம், உண்மையில் 52. ஒரே சட்டத்தை வைத்து எல்லா இடத்தையும் அளந்தால் ஒப்பீடு பெரிதாகக் கெடாதுதான், ஆனால் பக்கத்து ஆள் வேறு சட்டத்தில் அளந்த கணக்கோடு சேர்த்தால் போச்சு.

இதைவிடக் கள்ளத்தனமான பிரச்சினை கீலில் இருக்கிறது. மண் சிக்கிய பிறகு மூலைகள் முழுசாகத் திறக்காமல் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடுகிறது. நான்கு பக்கமும் அதே நீளம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. மூலை 80 பாகைக்குச் சாய்ந்தால் பரப்பில் ஒன்றரை சதவீதம் போகும், 70 பாகை என்றால் 6 சதவீதம். தரையில் வைத்ததும் இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று ஒரு நூலால் பார்த்துவிடுகிறேன், பத்து வினாடி வேலை.

உள்ளே குறுக்கும் நெடுக்கும் ஒன்பது ஒன்பது எலாஸ்டிக் கயிறு, மொத்தம் 100 கட்டம், கட்டத்துக்கு ஒரு சதவீதம். அருகம்புல் மாதிரி படர்வதில் ஒரு செடி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, அதை எண்ணுவது வீண். எத்தனை கட்டத்தை மூடியிருக்கிறது என்று பார்ப்பதுதான் வழி. (செடிகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருந்தால் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டும், பயப்பட வேண்டாம், கணக்குத் தப்பில்லை.) ஆனால் எலாஸ்டிக் இப்போதே தொய்ந்துவிட்டது. நைலான் நூல் வாங்கி நானே மாற்றப் போகிறேன்.

கூட வந்த குறிப்புத்தாளைப் படித்துவிட்டு எரிச்சல்தான் வந்தது. "எல்லா வாழிடங்களுக்கும் ஏற்றது" என்கிறது. புல்பூண்டுக்குச் சரி. புதருக்குச் சில மீட்டர் சதுரம் வேண்டும், மரத்துக்கு வழக்கமாக 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டுவார்கள். இன்னொன்று, சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் எறியச் சொல்கிறது! கண்ணை மூடி எறிந்தாலும் கை தனக்கு வசதியான பக்கம்தான் எறியும், முள் பக்கம் ஒருநாளும் எறியாது. யாராவது குறுக்கே வந்தால் அது வேறு வம்பு. இரண்டு டேப்பைத் தரையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரித்து, போனில் டேப்புக்கு ஒன்றாக ரேண்டம் எண் இரண்டு எடுத்து, அவை காட்டும் இடத்தில் போய் வையுங்கள். பாதி தண்ணீரில் விழுந்தாலும் அங்கேதான் வைக்க வேண்டும், நகர்த்தக் கூடாது.

சட்டத்தின் மேலேயே நிற்கிற செடியை என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. இடது பக்கமும் கீழ்ப்பக்கமும் தொடுவதைச் சேர், மற்ற இரண்டு பக்கம் தொடுவதை விடு, இவ்வளவுதான் விதி. இது இல்லாவிட்டால் எல்லாரும் ஆசையில் எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துவிடுவோம். அதுவும் சட்டம் சின்னதாக ஆக ஆகப் பரப்புக்கு ஓரம் அதிகம், தப்பும் அதிகம்.

எத்தனை முறை வைப்பது என்பதற்கு "10 முறை" என்று அடித்துச் சொல்கிறது தாள். என் புல்தரையில் ஆறாவது முறைக்குப் பிறகு புதிதாக ஒரு சிற்றினமும் வரவில்லை. குளத்தோரத்தில் பதினைந்தாவதிலும் புதிதாக ஒரு கோரை வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் மொத்தச் சிற்றின எண்ணிக்கையை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போய், கோடு படுத்ததும் நிறுத்துவதுதான் நியாயம். அப்புறம் ஒப்பிடும்போது எல்லா வாழிடத்துக்கும் ஒரே எண்ணிக்கை வேண்டும். 6ஐயும் 15ஐயும் பக்கத்தில் வைத்து, இங்கே வகை அதிகம் என்றால் சிரிப்பார்கள்.

வெறும் வகை எண்ணிக்கையும் ஏமாற்றும். ஓரிடத்தில் ஐந்து சிற்றினம், ஒவ்வொன்றும் 20. இன்னோரிடத்திலும் ஐந்துதான், ஆனால் ஒன்று 80, மற்றவை ஐந்தைந்து. புள்ளியியலாளர் சிம்ப்சன் 1949இல் கொடுத்த குறியீட்டை 1இலிருந்து கழித்துப் பார்த்தால் (எண் பெரிதானால் பன்மை அதிகம்) முதலாவது 0.8, இரண்டாவது 0.35. அந்தக் குறியீட்டுக்கு ஒவ்வொரு சிற்றினத்தின் பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டினால் போதும், போன் கால்குலேட்டரே செய்யும்.

திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை, அந்தத் திறக்கும் மூலைக்காகவே வைத்துக்கொண்டேன். உள்பக்கத்தில் சிவப்பு பெயிண்டால் "48" என்று எழுதியாயிற்று. வெள்ளைக் குழாய் வெயிலில் கண்ணைக் கூசுகிறது, மிச்ச பெயிண்டை அதற்கும் அடித்துவிட்டேன்.