வாழையா, நெல்லியா?

கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் வட்டாரங்களில் கதலி, நேந்திரன் வாழைகள் நல்ல காசு பார்க்க வைக்கும் பயிர்கள்தாம். நட்ட 11, 12 மாதங்களில் தார் வெட்டிவிடலாம், நேந்திரனுக்கு ஓணத்தையொட்டிக் கேரளச் சந்தையும் உண்டு. ஆனால் சித்திரை, வைகாசியில் கோடைமழையோடு வரும் சூறைக்காற்று, பாதி முற்றிய தாரோடு நிற்கும் மரத்தை நடுவில் முறித்துப் போட்டுவிடுகிறது. முட்டுக்கம்பும் கயிறும் சாதாரணக் காற்றுக்குத்தான் ஈடுகொடுக்கும். வெயில் ஏறும் ஆண்டுகளில் தண்ணீர்த் தேவையும் ஏறுகிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திய பிறகு ஆழ்துளைக் கிணறே கதி.

நெல்லி வறட்சி தாங்கும் மரம். அவிநாசி, பல்லடம் பக்கத்துப் புன்செய்க் காடுகளிலும் சொட்டுநீரில் பிழைத்துக்கொள்ளும். காய் குவியும் பருவத்தில் விலை சரிவது அதன் குறை.

ஆயினும் பயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வானிலையன்று, நிலத்தின் விலையே என்பேன். நெல்லி சொல்லிக்கொள்ளும்படி காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கச் சைட் போடுபவர் எப்போது முன்பணத்தோடு வருவார் என்று காத்திருக்கும் உரிமையாளர் அத்தனை ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதித் தருவதில்லை. ஆகவே காற்றுக்கு முறியும் என்று தெரிந்தே குத்தகைதாரர் வாழையை நடுகிறார். பவானி ஆற்றின் உபரிநீரைக் குளங்களுக்குக் கொண்டுவர 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தால் குளங்கள் நிரம்பி நிலத்தடி நீர் உயர்ந்தால், அது பயிருக்கு உதவுவதுபோலவே மனை விற்பவரின் விளம்பரத்துக்கும் உதவும்.

சொந்த நிலமும் விற்கும் எண்ணமின்மையும் உள்ளவருக்கு நெல்லியே மேல். குத்தகைக்காரர் வாழையை ஒரே பட்டத்தில் நடாமல், இரண்டு மூன்று தவணைகளாகப் பிரித்து நடுவது நல்லது. ஒரு காற்றில் எல்லாத் தாரும் போகாது.