லேட்டாக அடிக்கும் போன்: 27 மாதம் வைத்துப் பழகிய அனுபவம்

நான் ஓட்டுவது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. வேலை தொடங்குவதே ராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்ததும் வியாபாரி எனக்குப் போன் அடிப்பார். புது வண்ணாரப்பேட்டையில் இருக்கும் நான் பத்து நிமிஷத்தில் போய் நிற்க வேண்டும். லோடு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போகும், இல்லாவிட்டால் வானகரத்துக்கு. நான் போனை எடுக்கவில்லை என்றால் அவர் அடுத்த வண்டிக்காரர் நம்பரைப் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஐஸ் கரையுமல்லவா.

அதனால் கேமரா எப்படி, கேம் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டாயிரம் சொச்சத்துக்கு வாங்கிய ஆண்ட்ராய்டு போன், இரண்டு சிம். 27 மாதத்துக்கு அப்புறமும் பேட்டரி ஒரு நாள் தாங்குகிறது. திரையில் ஒரு கீறல். அவ்வளவுதான். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் கிடைக்கிற நிறைய போன்களில் லேட்டாக அடிக்கிற இதே தொல்லை உண்டு, வண்டி ஸ்டாண்டில் பாதிப் பேர் இதைத்தான் புலம்புகிறார்கள்.

வாங்கி நாலாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்குத் தானாக விழிப்பு வந்தது. போன் சத்தமே இல்லாமல் கிடந்தது. எடுத்துப் பூட்டைத் திறந்தால் 2.41க்கு ஒரு மிஸ்டு கால். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் இரண்டு மிஸ்டு கால் பொத்தென்று வந்து விழுந்தன, அவை 2.43, 2.46க்கு வந்தவை. திருப்பி அடித்தேன்.

“இன்னாபா, மூணு வாட்டி அடிக்கிறேன். தூங்கினு கீறியா?”

“அண்ணே, போன் அடிக்கவே இல்லண்ணே.”

“அட்சா எடுக்கிறதுக்குத்தான போனு? வேற வண்டி ஏத்தியாச்சு, போய்த் தூங்கு.”

ஞாயிற்றுக்கிழமை லோடு போனால் அந்த வாரமே போன மாதிரி. மறுநாள் தங்கசாலைப் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். ஸ்பீக்கர் போய்விட்டது, 650 ரூபாய் என்றார். மாற்றினேன். சத்தம் கொஞ்சம் கூடியது, தாமதம் அப்படியேதான் இருந்தது. கழற்றிய ஸ்பீக்கரை வாங்கிப் பார்த்தால் வலையில் உப்பும் மீன் செதிலும் அடைத்துக்கிடந்தன. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்திருந்தாலே போதும். கடற்கரைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் இதை மாதம் ஒரு தடவை செய்யுங்கள், 650 மிச்சம்.

அப்புறம்தான் மச்சான் ஒரு யோசனை சொன்னான். “போன் லேட்டு, லேட்டுங்கிற. எங்க லேட்டாவுதுன்னு பார்த்தியா?” சரி என்று ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். அவன் கையில் அவன் போன், பக்கத்தில் ஸ்டாப்வாட்ச். என் போன் தண்ணீர்த் தொட்டி மேல். மகளின் ரஃப் நோட்டில் நாலு கட்டம் போட்டேன்: அவன் நம்பரை அழுத்திய நேரம், அவன் காதில் ரிங் கேட்ட நேரம், என் திரை எரிந்த நேரம், என் காதில் சத்தம் விழுந்த நேரம். பத்துப் பன்னிரண்டு தடவை அடித்துப் பார்த்ததில், நான் ஒரே நோய் என்று நினைத்தது மூன்று நோயாக இருந்தது.

முதல் சிம்மில் அவன் அழுத்திய மூன்றாவது விநாடியில் அவனுக்கு ரிங் கேட்டது, என் திரையும் எரிந்தது. ஆனால் எனக்குச் சத்தம் கேட்டது பன்னிரண்டாவது விநாடியில். நடுவில் ஒன்பது விநாடி போன் என்ன செய்துகொண்டிருந்தது? காதருகே வைத்துக் கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. நான் வைத்திருந்தது ஒரு அம்மன் பாட்டு. முதலில் அலை அடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல், பிறகு தூரத்தில் ஒரு சங்கு, அதற்கும் பிறகுதான் உடுக்கை. கடலோரம் குடியிருக்கிறவன் அலைச் சத்தத்துக்கு எழுந்திருப்பானா?

அது பாதிதான். மீதிப் பாதி, சவுண்ட் அண்ட் வைப்ரேஷன் பகுதியில் ‘முதலில் அதிர்ந்து, பிறகு மெல்ல மெல்ல ஒலிக்கவும்’ என்ற பொருளில் ஒரு சுவிட்ச் ஆனில் இருந்தது. சில போன்களில் அசென்டிங் ரிங்டோன் என்று இருக்கும். பழைய பட்டன் நோக்கியாவிலேயே இந்த அசென்டிங் உண்டு, ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது மரியாதையான வசதி. எனக்கு அப்படி இல்லை. என் வீட்டுக்கு இந்தப் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டே நகரும். அந்த உறுமலில் மெதுவாகத் தொடங்குகிற எந்த மணியும் அமுங்கித்தான் போகும்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாம் எடுக்காவிட்டால் செல்போன் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019இல் வரையறுத்தது: செல்போனுக்கு 30 விநாடி, லேண்ட்லைனுக்கு 60 விநாடி. என் 30இல் ஒன்பது அலைக்கும் சங்குக்கும் போய்விட்டது. மிச்சம் 21. அதில் தூக்கம் கலைந்து, கொசுவலையை விலக்கி, கண்ணாடியைத் தேடி... போதவில்லை. சுவிட்சை அணைத்தேன், பாட்டை எடுத்துவிட்டுப் பழைய டெலிபோன் மணியை வைத்தேன். முதல் விநாடியிலிருந்தே ட்ரிங் ட்ரிங். பாட்டுதான் வேண்டும் என்கிறவர்கள் ரிங்டோன் வெட்டுகிற செயலியில் உடுக்கை தொடங்குகிற இடத்திலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். மச்சான் அப்படித்தான் வைத்திருக்கிறான்.

இரண்டாவது சிம் வேறு கதை. இதுதான் லோடு நம்பர். மச்சான் அழுத்திய பிறகு எட்டு ஒன்பது விநாடி அவன் காதில் எதுவுமே கேட்கவில்லை, ரிங்கும் இல்லை. அதன் பிறகுதான் அவனுக்கு ரிங், என் திரையில் வெளிச்சம். அதாவது, இது போனுக்குள் வந்த பிறகு நடக்கிற தாமதம் இல்லை. நோண்டிப் பார்த்ததில் அந்த சிம்முக்கு வோல்டி அணைந்திருந்தது. ஒரு சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு அணைந்திருக்க வேண்டும், நான் தொட்ட ஞாபகம் இல்லை. வோல்டி இருந்தால் கால் 4ஜியிலேயே வந்து அடிக்கும். இல்லாவிட்டால் 4ஜியில் இருக்கும் போன், கால் வரும்போது 2ஜிக்கோ 3ஜிக்கோ கீழே இறங்கி, அங்கே பிடித்துக்கொண்டு, பிறகுதான் அடிக்கும். அந்த இறக்கத்துக்குத்தான் அத்தனை விநாடி. கூப்பிடுகிறவருக்கு அது வெறும் மௌனம். ஏலக்கூடத்தில் ஈரக் கையோடு நிற்கிற ஆள் அந்த மௌனத்தை எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்? வெட்டிவிட்டு மறுபடி அடிப்பார், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போவார். சிம் செட்டிங்ஸில் வோல்டி சுவிட்சைப் போட்டதும் மூன்று நாலு விநாடிக்கு வந்துவிட்டது.

மூன்றாவது வாட்ஸ்அப். மாடியில் சோதித்தபோது சரியாகத்தான் வந்தது, எனக்கே குழப்பம். ராத்திரி மட்டும்தான் சண்டித்தனம், அதுவும் எல்லா ராத்திரியும் இல்லை. ஒரு வாரம் குறித்துவைத்துப் பார்த்ததில் பிடிபட்டது: சார்ஜில் போட்டுத் தூங்கிய ராத்திரிகளில் கால் வந்தது, சார்ஜ் நிறைந்திருக்கிறதே என்று சும்மா வைத்துத் தூங்கிய ராத்திரிகளில் வரவில்லை. ஆண்ட்ராய்டில் டோஸ் என்று ஒன்று 2015இல் வந்த 6.0இலிருந்தே இருக்கிறது. சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் போன் கிடந்தால், செயலிகளின் இணையத்தை மூடி மூடித் திறக்கும். சாதாரண சிம் காலை அது தடுக்காது. வாட்ஸ்அப் காலுக்கும் அவசரத் தகவல் என்ற முறையில் தட்டி எழுப்ப வழி உண்டு. ஆனால் போன் கம்பெனிகள் அதற்கு மேல் தங்கள் பங்குக்கு ஒரு பேட்டரி சேமிப்பை வைத்திருக்கின்றன பாருங்கள், அதுதான் கதவையே பூட்டிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்டாப்வாட்ச்கூட வேண்டாம். வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போது மேலே முதலில் ‘காலிங்’ என்று வரும். எதிர் போனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ‘ரிங்கிங்’ என்று மாறும். காலிங்கிலேயே நின்றால் எதிர் போன் தூங்குகிறது, அல்லது அதற்கு நெட் இல்லை. வியாபாரியிடம் கேட்டேன்: “அண்ணே, அன்னிக்கு ரிங்கிங்னு வந்துச்சா?” “அதெல்லாம் யாரு பாக்குறா” என்றார். சரிதான்.

செய்தது இவ்வளவு. ஆப் இன்ஃபோவில் வாட்ஸ்அப்பின் பேட்டரியை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்கினேன். ஆட்டோஸ்டார்ட் என்ற அனுமதி தனியாக ஒரு மூலையில் இருந்தது, அதைப் போட்டேன். கடைசியாகத் திறந்த செயலிகள் வரிசையில் வாட்ஸ்அப்பை அழுத்திப் பிடித்துப் பூட்டுப் படத்தைப் போட்டேன், அதனால் ‘கிளியர் ஆல்’ கொடுத்தாலும் அது போகாது. மூன்றில் எது வேலை செய்தது என்று தனித்தனியாகப் பார்க்கவில்லை, எனக்கு லோடு முக்கியம். விடியற்காலையில் முன்பைவிட ஐந்தாறு சதவீதம் சார்ஜ் கூடுதலாக இறங்கியிருக்கிறது. போகட்டும்.

இதெல்லாம் முடிந்து ஆறு மாதம் நிம்மதி. பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எனக்கும் மீன் லோடு இல்லை, வீட்டுச் சாமான் ஏற்றி ஓட்டினேன். வண்டிக்காரர்கள் குழுவுக்காக மட்டும் வைத்திருந்த இன்னொரு செயலியை அந்த இரண்டு மாதமும் திறக்கவே இல்லை. தடை முடிந்து படகுகள் திரும்பி வந்த அன்று குழுவில் நாற்பது செய்தி ஓடியிருக்கிறது, என் போன் மூச்சுவிடவில்லை. பேட்டரி பகுதியில் போய்ப் பார்த்தால் ‘தூங்கும் செயலிகள்’ பட்டியலில் அது போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. ரொம்ப நாள் தொடாத செயலியை ஆண்ட்ராய்டு தானாக ஓரங்கட்டுகிறது. என் தொழிலுக்குத் தடைக்காலம் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் ஜூன் பத்தாம் தேதிவாக்கில் எல்லாச் செயலிகளையும் ஒரு தடவை திறந்து மூடிவிடுகிறேன். வலை உலர்த்துகிற மாதிரி இதுவும் ஒரு வேலை.

போனைச் சத்தமில்லாமல் வைக்கிற டு நாட் டிஸ்டர்ப் பற்றி ஒரு வார்த்தை. மகள் படிப்பதற்காகப் போனை வாங்கியவள் பெட்டைம் மோடைப் போட்டுவைத்துவிட்டாள், ராத்திரி பதினொன்றிலிருந்து ஆறு வரை. இரண்டு நாள் எனக்குத் தெரியவே இல்லை. நான் அதை எடுக்கவில்லை. விளம்பர எஸ்எம்எஸ் சத்தம் இல்லாமல் தூங்குவது சுகமாகத்தான் இருந்தது. வியாபாரிகள் நாலு பேர், ஐஸ்காரர், அம்மா ஆகிய ஆறு நம்பருக்கும் நட்சத்திரம் போட்டு, நட்சத்திர நம்பர்கள் மட்டும் அடிக்கலாம் என்று விட்டேன். அதே நம்பர் 15 நிமிஷத்துக்குள் இரண்டாவது தடவை அடித்தால் விடலாம் என்ற வசதியும் அங்கேயே இருக்கிறது, அதையும் போட்டிருக்கிறேன். புது வியாபாரி யாராவது கூப்பிட்டால் இரண்டாவது தடவையில் மாட்டுவார்.

அங்கேயே தேடும்போது அவசர எச்சரிக்கை என்ற இடமும் கண்ணில் பட்டது. 2023 அக்டோபரில் சோதனைக்காக எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அதே வகை. இதைச் சிலர் எரிச்சலில் அணைத்துவைத்திருக்கிறார்கள். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்தவன் நான், அணைக்க மாட்டேன்.

இன்னும் தீராத குறை ஒன்று. முதல் சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சிம்முக்கு யாராவது அடித்தால் தொடர்பில் இல்லை என்று சொல்லிவிடுகிறது. இரண்டு சிம் போட்டாலும் பேச்சுக்கு ஒரே பாதைதான். இதற்கு செட்டிங் எதுவும் என் போனில் இல்லை. ராத்திரி ஒன்றரைக்கு மேல் முதல் சிம்மில் யாரிடமும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன், மச்சான் உட்பட. அப்டேட் வந்த மறுநாள் வோல்டியையும் பேட்டரி அனுமதியையும் மறுபடி பார்க்கிறேன். இதுவரை ஒரு தடவை ஆட்டோஸ்டார்ட் அணைந்திருந்தது.

மணிச் சத்தம் பற்றி வீட்டில் புகார் உண்டு. “இது போனா, ஸ்கூல் மணியா?” என்பாள் மனைவி. கீழ் வீட்டு ஆயா மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு லோடு இல்லாத நாளில்தான் கேட்பார்: “ராத்திரி மணி அடிக்கலியேப்பா, தண்ணி பிடிக்க லேட்டாயிடுச்சு.”